மீட்பதா, துறப்பதா? ஸ்வஸ்திகம் பற்றிய இரு நூல்கள்

ஒரு சின்னத்துக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது? அதனை முதலில் வகுத்தவனின் கருத்திலிருந்தா, இறுதியாகக் கையாண்டவனின் செயலிலிருந்தா, இன்று அதனைக் காண்பவனின் உள்ளத்திலிருந்தா? மொழியறிஞரும் சட்ட அறிஞரும் பல நூற்றாண்டுகளாக ஆய்ந்துவந்த இவ்வினா, இருபதாம் நூற்றாண்டில் ஏட்டை விட்டு இறங்கி, மனிதரின் ஆடையிலும் அணிகலனிலும் வாயிற்படியிலும் வந்து நின்றது. அவ்வாறு வந்து நிற்கப் பெருங்காரணமாக அமைந்தது ஸ்வஸ்திகம். ஆசியாவின் பெரும்பகுதியில் அது நன்மையின் அடையாளம். ஐரோப்பாவிலோ அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சியின் முத்திரை. இரண்டும் உண்மை. இவ்விரு உண்மைகளும் ஒரே தெருவில் எதிர்ப்படும்போது எது எதற்கு வழிவிட வேண்டும் என்பதே சிக்கல்.

இச்சிக்கலை நேர்கொண்டு நோக்கிய இரு நூல்களை ஈண்டு ஒப்பிட்டு ஆராய விழைகிறோம். முதலாவது, நியூயார்க் டைம்ஸ் இதழின் கலை இயக்குநராக நெடுங்காலம் பணியாற்றிய ஸ்டீவன் ஹெல்லர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல். 'ஸ்வஸ்திகம்: மீட்கவே இயலாத சின்னமா?' என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். இரண்டாவது, நியூயார்க்கில் வாழும் ஜப்பானியப் பௌத்த குரு டி.கே. நாககாகி 2018ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'பௌத்த ஸ்வஸ்திகமும் ஹிட்லரின் சிலுவையும்'. முன்னவர் சின்னத்தை மீட்கலாகாது என்கிறார். பின்னவர் மீட்டே ஆகவேண்டும் என்கிறார். இருவரும் நேர்மையாளர். ஆயினும் இருவரும் ஒரே இடத்தில் இடறுகின்றனர் என்பது நம் கருத்து.

தொன்மையின் பரப்பு

'சு', 'அஸ்தி' என்னும் வடசொற்களின் சேர்க்கையில் 'ஸ்வஸ்தி' பிறந்தது. நலமே ஆகுக என்பது அதன் பொருள். சொல் இந்தியாவினுடையது. வடிவமோ சொல்லினும் மூத்தது. சிந்துவெளி முத்திரைகளில் அது உள்ளது. சமணர்க்கு அது ஏழாம் தீர்த்தங்கரரான சுபார்சுவநாதரின் இலாஞ்சனை. உயிர் பிறந்துழலும் நான்கு கதிகளை அதன் நான்கு கரங்கள் குறிப்பதாக அவர்கள் கொள்வர். பௌத்த உலகில் அது புத்தரின் திருமார்பில் இடம்பெற்றது. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெள்ளறையில், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் வெட்டப்பட்ட மார்ப்பிடுகு பெருங்கிணறு இவ்வடிவிலேயே அமைந்திருப்பதைத் தமிழர் அறிவர்.

இந்தியச் சமயங்களோடு இப்பரப்பு முடிந்துவிடவில்லை. சாக்கடலின் கரையிலுள்ள ஐன் கெதியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பண்டைய யூத ஆலயத்தின் கற்பதிப்புத் தளத்தில் இச்சின்னம் உள்ளது. கப்பர்நாகூமின் யூத ஆலயச் சிற்பங்களிலும் உள்ளது. இஸ்ஃபஹான் ஜுமுஆப் பள்ளிவாசலின் செங்கல் அணிவேலைப்பாட்டில் இது திரும்பத் திரும்ப வருகிறது. சதுரக் கூஃபி எழுத்தில் ஒரே திருப்பெயரை மையத்தைச் சுற்றி நான்கு முறை எழுதுங்கால், நடுவே இவ்வடிவம் தானாகவே உருவாகிவிடுவதும் உண்டு. அமெரிக்கக் கண்டத்தில், இந்தியாவோடு எவ்வகைத் தொடர்புமின்றி, நவஹோ மக்கள் சுழலும் மரத்துண்டுகள் என்னும் பொருளில் இதனைத் தம் நெசவிலும் மணலோவியத்திலும் வரைந்தனர். இப்பரவலைத் தொகுத்து, அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகத்தின் தாமஸ் வில்சன் எழுதிய பெருங்கட்டுரை அவ்வருங்காட்சியகத்தின் 1894ஆம் ஆண்டறிக்கையில் இடம்பெற்று 1896இல் வெளிவந்தது. ஹிட்லர் அப்போது ஏழு வயதுச் சிறுவன்.

இத்தகவல்கள் அனைத்தும் ஸ்வஸ்திகம் மாசற்றது என நிறுவப் போதுமானவை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. தொன்மை ஒரு சின்னத்தின் பிறப்பைக் கூறும். அதன் இன்றைய நிலையைக் கூறாது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே திறனாய்வாளனின் முதற்கடமை.

ஹெல்லரின் வாதம்

ஹெல்லர் வடிவமைப்புக் கலையின் வரலாற்றாசிரியர். ஆதலின் பிறர் காணாத ஒன்றை அவர் கண்டார். நாஜிகள் சின்னத்தை எடுத்தாண்டதோடு நிற்கவில்லை. அதனை மறுவடிவம் செய்தனர். செந்நிறக் களம், அதன் நடுவே வெண்வட்டம், வட்டத்துள் கருநிறக் கொக்கிகள். 1920இல் கட்சிக் கொடியான இவ்வமைப்பு, கைப்பட்டையிலும் பதாகையிலும் அஞ்சல்தலையிலும் சலியாது திரும்பத் திரும்பப் பதிக்கப்பட்டு, காண்போர் கண்ணில் அறையப்பட்டது. 1935 செப்டம்பர் 15ஆம் நாள் நூரம்பெர்க்கில் அது அரசுக் கொடியாக அறிவிக்கப்பட்டது. அதே நாளில் இயற்றப்பட்ட இரத்தத் தூய்மைச் சட்டம், யூதர்கள் அக்கொடியை ஏற்றலாகாது எனத் தடை விதித்தது. தன் மூதாதையரின் ஆலயத் தளத்தில் கிடந்த வடிவத்தை ஏந்த ஒரு யூதனுக்கு உரிமையில்லை என்று சட்டம் கூறிற்று. ஒரு சின்னம் எவ்வளவு முழுமையாகக் கவரப்படலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இவ்வாறு கவரப்பட்ட சின்னத்தை, பழைய நற்பொருளைக் காட்டி மேலை நாடுகளில் மீண்டும் உலவவிடுவது, இறந்தோரின் நினைவுக்கு இழைக்கும் துரோகம் என்பது ஹெல்லரின் முடிவு. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பொறுத்தவரை இம்முடிவை மறுக்க நம்மிடம் வலுவான காரணம் இல்லை. 1970களில் இலண்டன் இசைக்குழுவினர் சிலர் அதிர்ச்சியூட்டும் பொருட்டே இதனை அணிந்தனர். 2005 ஜனவரியில் பிரிட்டிஷ் இளவரசர் ஹாரி மாறுவேட விருந்தொன்றுக்கு நாஜிக் கைப்பட்டை அணிந்து சென்றார். பொருள் மறந்துபோன இடத்தில் எவரும் அதிர்ச்சியடைவதில்லை. இவர்களின் செயல் எழுப்பிய சீற்றமே, பொருள் அங்கு இன்னும் உயிரோடிருப்பதைக் காட்டிற்று.

எனினும் ஹெல்லரின் தலைப்பிலேயே ஒரு குறை உள்ளது. தமிழில் 'மீட்டல்' என்னும் சொல்லுக்கு அடகில் வைத்ததைத் திருப்புதல் என்றும் பொருளுண்டு. அடகு வைத்தவன் அன்றோ மீட்க வேண்டும்? குஜராத்தின் சமண வணிகன் புதுக்கணக்கு எழுதும்போது ஏட்டின் தலைப்பில் இடும் சின்னத்தை அவன் எவரிடமும் அடகு வைத்ததில்லை. அது ஒரு நாளும் அவன் கையை விட்டு நீங்கியதில்லை. அவனிடம் சென்று, இது மீட்கத்தக்கதா, அன்றா என வினவுவதே பொருந்தாது. ஹெல்லர் ஆசியாவின் வழக்கை அறியாதவரல்லர். பழைய வரலாற்றை எடுத்துக்கூறவே செய்கிறார். ஆயினும் அவ்வரலாறு அவர் நூலில் முன்கதையாக மட்டும் நின்றுவிடுகிறது. இன்றும் கோடிக்கணக்கானோரிடம் நடைமுறையிலுள்ள ஒரு வழக்கு, முடிந்துபோன பழங்கதையாகத் தோற்றமளிக்கிறது.

நாககாகியின் வாதம்

இக்குறையை நிறைக்க வந்தது நாககாகியின் நூல். தம் கோயில்களின் சின்னத்தை மேலை நாட்டில் மறைத்தே வைக்க வேண்டிய நிலையிலுள்ள பௌத்தர்களின் குரல் அதில் ஒலிக்கிறது. அவருடைய மையவாதம் பெயரைப் பற்றியது. ஹிட்லர் தன் நூலில் 'ஸ்வஸ்திகா' என எழுதவில்லை. 'ஹாக்கன்கிராய்ஸ்', அதாவது கொக்கிச் சிலுவை என்றே எழுதினான். ஆங்கில மொழிபெயர்ப்பாளரும் செய்தித்தாள்களும் அதனை 'ஸ்வஸ்திகா' ஆக்கியதால், ஐரோப்பியச் சிலுவையொன்றின் பழி ஆசியச் சின்னத்தின்மேல் விழுந்தது. ஆகவே இரண்டுக்கும் வெவ்வேறு பெயரிடுவதே தீர்வு என்கிறார் அவர்.

இவ்வாதத்தில் பயனுள்ள பகுதியொன்று உண்டு; அதனைப் பின்னர்க் காண்போம். வரலாறு என்ற வகையில் இது முழுமையானதன்று. ஆங்கிலத்தில் இவ்வடிவுக்கு 'ஸ்வஸ்திகா' என்னும் பெயர் ஹிட்லரின் மொழிபெயர்ப்பாளரால் வந்ததன்று. ட்ராய் நகரை அகழ்ந்த ஹைன்ரிக் ஷ்லீமன், தாம் கண்டெடுத்த பொருள்களில் இவ்வடிவம் பொறிக்கப்பட்டிருந்ததை இந்தியப் பெயராலேயே குறித்தார். 1880இல் வெளிவந்த அவருடைய 'இலியோஸ்' நூலில் மாக்ஸ் முல்லரின் எச்சரிக்கையொன்று இடம்பெற்றுள்ளது. இந்தியாவில் பிறந்து, அங்கே தனக்குரிய வரலாறும் பொருளும் கொண்ட இச்சொல்லை இந்தியாவுக்கு வெளியே கிடைக்கும் வடிவங்களுக்கு இடுவதைத் தாம் விரும்பவில்லை என்பது அதன் சாரம். ஒரே வடிவம் ஒரே பெயரைப் பெற்றால், ஒரே இனத்தின் சொத்தாகவும் கருதப்பட்டுவிடும் என்ற ஆபத்து அவ்வெச்சரிக்கையில் அடங்கியிருந்தது. அது செவியில் ஏறவில்லை. 1896இல் வில்சனின் கட்டுரைத் தலைப்பே 'ஸ்வஸ்திகா' என்றுதான் இருந்தது.

இதனினும் முக்கியமானது, கருத்தின் வழித்தடம். வடமொழி ஆய்விலிருந்து ஐரோப்பியர் 'ஆரியர்' என்னும் சொல்லைப் பெற்றனர். மொழிக்குடும்பத்தைக் குறிக்கவேண்டிய அச்சொல் இரத்தத்தைக் குறிக்கலாயிற்று. இந்தியாவிலும் ட்ராயிலும் ஜெர்மானிய மட்கலங்களிலும் காணப்பட்ட இவ்வடிவம், அக்கற்பனை இனத்தின் காலடித்தடமாக விளக்கப்பட்டது. ஆஸ்திரியாவில் லான்ஸ் ஃபொன் லீபன்ஃபெல்ஸ் என்பவன் 1907இல் வெர்ஃபன்ஸ்டைன் கோட்டையில் ஸ்வஸ்திகக் கொடியை ஏற்றினான். 1920 மார்ச்சில் பெர்லினில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற படையினர் தம் தலைக்கவசங்களில் இதனைத் தீட்டியிருந்தனர். ஆக, நாஜிகள் இதனைத் தேர்ந்தது தற்செயலன்று. இந்தியாவிலிருந்து வந்த சொல்லையும் வடிவத்தையும் திரித்து நெய்த கற்பனையின் விளைவு அது. ஆசியச் சின்னத்துக்கும் நாஜிச் சின்னத்துக்கும் தொடர்பே இல்லை என்று கூறுவது, திருட்டு நடக்கவேயில்லை என்று கூறுவதற்கு ஒப்பாகும். திருட்டை ஒப்புக்கொள்வதே உடைமையாளனுக்கு நன்மை பயக்கும்.

மேலும், 'சிலுவை' என்னும் சொல்லை அழுத்துவதால் பழி வேறொரு சமயத்தின் வாயிலில் இறக்கி வைக்கப்படுகிறது. தன்மேல் அநீதியாக விழுந்த சுமையை அண்டை வீட்டுக்காரன் தோளுக்கு மாற்றுவது நீதியாகாது. வலப்புறம் சுழல்வது நாஜியினுடையது, இடப்புறம் சுழல்வது கீழைநாட்டினது எனப் பொதுமக்களிடையே வழங்கும் விளக்கமும் இவ்வாறே நிற்காது. இந்துக்களும் சமணரும் இடுவது பெரும்பாலும் வலச்சுழியே. நாஜிகள் இட்டதும் அதுவே. கோணலாக நின்றால் நாஜி, நேராக நின்றால் ஆசியா என்பதும் முழுவிதியன்று. நாஜிச் சின்னங்களிலேயே நேராக நின்றவை உண்டு. பொருளைக் கோணமானி கொண்டு அளக்க இயலாது.

வழக்கிலுள்ள பொருளும் கைவிடப்பட்ட பொருளும்

இரு நூல்களும் இடறும் இடம் எதுவென இனிக் கூறலாம். 'இச்சின்னத்தின் பொருள் என்ன?' என்று இருவரும் ஒருமையில் வினவுகின்றனர். ஹெல்லர் அதற்குக் கடைசிப் பொருளை விடையாகத் தருகிறார். நாககாகி முதற்பொருளைத் தருகிறார். வினா பிழையாயின் விடைகள் இரண்டும் பாதியளவே சரியாகும்.

நம் மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் 'உஸூலுஷ் ஷாஷி' இவ்விடத்தில் பெரிதும் உதவுகிறது. சொல்லின் நேர்ப்பொருளை அந்நூல் மூன்றாகப் பகுக்கிறது. கொள்ளவே இயலாதது ஒன்று. கொள்ள இயன்றும் மக்கள் கைவிட்டுவிட்டது மற்றொன்று. அது 'மஹ்ஜூர்' எனப்படும். வழக்கில் இருப்பது மூன்றாவது. அது 'முஸ்தஃமல்' எனப்படும். கைவிடப்பட்டதற்கு அந்நூல் தரும் சான்று, இன்னாரின் இல்லத்தில் பாதம் வைக்கமாட்டேன் என்னும் சூளுரை. வெளியே நின்று பாதத்தை மட்டும் உள்ளே நீட்டுதல் அச்சொற்களின் நேர்ப்பொருள். எவரும் அதனைக் கருதுவதில்லை. இல்லத்துள் நுழைவதையே கருதுவர். 'அவன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்' எனத் தமிழர் கூறுவதும் இத்தகையதே. கொல்லைப்புற வழியாக நுழைந்துவிட்டு, வாசலை நான் மிதிக்கவில்லை என ஒருவன் வாதிட்டால் ஊரார் நகைப்பர்.

அரபு மொழியில் 'காயித்' என்பது தாழ்ந்த நிலத்தைக் குறித்த சொல். மறைவு நாடி மக்கள் அத்தகு நிலத்துக்குச் சென்றமையால், மலங்கழித்தலைக் குறிக்கும் இடக்கரடக்கலாக அது மாறிற்று. இன்று எந்த அரபியும் தன் அழகிய பள்ளத்தாக்கை அச்சொல்லால் புகழமாட்டான். அகராதியைக் காட்டி, இதன் மூலப்பொருள் இதுவே என வாதிடுபவன் மொழியறிந்தவன் ஆகான். மூலம் அறிந்தும் வழக்கு அறியாதவன் அவன்.

ஆனால் இங்கொரு நுட்பமுண்டு. கைவிடப்படுதல் என்பது ஒரு குறிப்பிட்ட மக்களின் வழக்கில் நிகழ்வது. பொது வழக்கு வேறு. ஒரு நாட்டாருக்கோ ஒரு தொழிலாருக்கோ உரிய சிறப்பு வழக்கு வேறு. ஒரு சாராரிடம் மஹ்ஜூர் ஆன பொருள் மற்றொரு சாராரிடம் முஸ்தஃமலாக நிலைத்திருக்கலாம். ஜெர்மனியில் ஸ்வஸ்திகத்தின் நற்பொருள் கைவிடப்பட்டது. இந்தியாவிலும் ஜப்பானிலும் அது வழக்கிலேயே உள்ளது. ஆகவே 'இதன் பொருள் என்ன?' என வினவலாகாது. 'இது எவருடைய வழக்கில் நிற்கிறது?' என்றே வினவவேண்டும்.

ஒருவனது எண்ணம் எவ்விடத்தில் கணக்கில் கொள்ளப்படும் என்பதும் இதனால் தெளிவாகும். சட்ட நூலார் சொற்களை வெளிப்படையானவை, குறிப்பானவை எனப் பகுப்பர். வெளிப்படைச் சொல்லுக்குச் சொன்னவனின் நிய்யத் கேட்கப்படுவதில்லை. குறிப்புச் சொல்லுக்கே எண்ணமும் சூழலும் ஆராயப்படும். பெர்லின் தெருவில் ஒருவன் கொக்கிச் சிலுவை பொறித்த சட்டையணிந்து செல்வது வெளிப்படைச் சொல் போன்றது. 'என் உள்ளத்தில் வெறுப்பில்லை' என்பது அங்கு விடையாகாது. கனடாவின் ஓவியர் மேன்வுமன், இச்சின்னத்தின் கறையைக் கழுவும் நோக்கில் இருநூறுக்கும் மேற்பட்ட ஸ்வஸ்திகங்களைத் தம் உடலில் பச்சை குத்திக்கொண்டார்; 2001இல் இது குறித்து ஒரு நூலும் எழுதினார். அவருடைய நிய்யத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அவரைக் காணும் ஒருவர் அவருடைய தோலைத்தான் காண்கிறார். நூலைப் படித்த பின்னர்க் காண்பதில்லை. வதைமுகாமிலிருந்து மீண்டவரிடம், உன் அச்சத்தைத் திருத்திக்கொள் எனக் கூறும் உரிமை தனியொருவருக்குக் கிடையாது. வாழும் சமூகமொன்றின் வழக்கு அவருக்குப் பின்னே இல்லை. வழக்கின் துணையற்ற தொன்மை வெறும் சாக்காக முடிகிறது. வெறுப்பாளர்கள் ஒளிந்துகொள்வதும் இச்சாக்கின் பின்னேயே ஆகும்.

ஆனால் நியூயார்க்கில் வாழும் குஜராத்தியர் தம் வாயிலில் தீபாவளிக் கோலத்தின் நடுவே இதனை வரைவது குறிப்புச் சொல் போன்றது. விளக்கும் பூவும் கோலமும் அதன் சூழல். சூழலை நோக்காது காவலரை அழைப்பது அநீதி. ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 86அ பிரிவு இச்சின்னத்தைத் தடைசெய்கிறது. ஆயினும் நாஜியத்தை எதிர்க்கும்பொருட்டுக் கோடிட்டு அடித்துக் காட்டப்படும் ஸ்வஸ்திகம் குற்றமாகாது என 2007 மார்ச்சில் அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெர்மனியே சூழலை நோக்குமாயின் பிறர் நோக்கலாகாதா?

துறந்தோர்

இவ்விரு நூல்களும் போதிய இடம் அளிக்காத மூன்றாவது வழியொன்றும் வரலாற்றில் உண்டு. அமெரிக்கத் தரைப்படையின் 45ஆம் காலாட்பிரிவு அந்நாட்டின் தென்மேற்கு மாநிலத்தாரைக் கொண்டது. அம்மண்ணின் தொல்குடியினரைப் போற்றும்வகையில், செந்நிறச் சதுரத்தில் மஞ்சள் ஸ்வஸ்திகத்தை அப்பிரிவினர் தோளில் அணிந்தனர். 1939இல் அதனை நீக்கி, அதே தொல்குடியினரின் மரபிலுள்ள இடிப்பறவையைச் சின்னமாக ஏற்றனர். 1945 ஏப்ரல் 29ஆம் நாள் டாக்காவ் வதைமுகாமை விடுவித்த படைகளுள் இப்பிரிவும் ஒன்று. முகாமுள் நுழைந்தவர்களின் தோளில் அன்று பழைய சின்னம் இருந்திருக்குமாயின், கம்பிவேலிக்கு உள்ளிருந்தோர் அவர்களை யாரென எண்ணியிருப்பர்? அவர்கள் வடிவத்தை விட்டனர். அவ்வடிவத்தால் குறித்த மரியாதையை விடவில்லை.

1940 பிப்ரவரியில் அரிஸோனாவின் டூசான் நகரில் நவஹோ, ஹோப்பி, அப்பாச்சி, பப்பாகோ குடிகளின் பிரதிநிதிகள் கூடி, தம் முன்னோரின் நட்புச் சின்னம் வேறொரு நாட்டாரால் மாசுபடுத்தப்பட்டுவிட்டதால் இனித் தம் கம்பளங்களிலும் கூடைகளிலும் ஆடைகளிலும் அதனை இடுவதில்லை என உறுதியெழுதிக் கையொப்பமிட்டனர். குற்றம் செய்யாதவர்கள், தாம் கண்டிராத மக்களின் துயரை முன்னிட்டுத் தம் உடைமையை விட்டுக்கொடுத்தனர். இது பெருந்தன்மை. பெருந்தன்மையை எவரும் கட்டளையிட்டுப் பெற இயலாது என்பதையும் மறத்தலாகாது. அவர்கள் துறந்தனர் என்பதால் இந்துவும் பௌத்தரும் துறந்தாக வேண்டும் என்பது பெறப்படாது.

துறவாதவர்க்கும் ஒரு சான்று கூறவேண்டும். 1922இல் சீனாவில் தோன்றிய செஞ்ஸ்வஸ்திகச் சங்கம், செஞ்சிலுவைச் சங்கத்தை ஒத்த அறப்பணி அமைப்பு. 1937 இறுதியில் நான்ஜிங் நகரில் ஜப்பானியப் படை நிகழ்த்திய படுகொலைக்குப் பின், தெருக்களிலும் குளங்களிலும் கிடந்த 40,000க்கும் மேற்பட்ட உடல்களை அச்சங்கத்தார் அடக்கம் செய்தனர். ஐரோப்பாவில் இச்சின்னம் கொலைக்குத் துணைநின்ற அதே பத்தாண்டில், ஆசியாவில் அதே சின்னத்தை ஏந்தியோர் கொலையுண்டவர்க்கு இறுதிக்கடன் ஆற்றினர். அச்சங்கத்தின் மரபில் வந்த பள்ளியொன்று சிங்கப்பூரில் இன்றும் அப்பெயரிலேயே இயங்குகிறது.

நம் இல்லத்து வினா

இதுவரை பிறர் சின்னத்தைப் பற்றிப் பேசினோம். பிறர் சின்னத்துக்குத் தீர்ப்பெழுதுவது எளிது. அதே அளவுகோலை நம் இல்லத்தின்மேல் வைத்து நோக்கும்போதுதான் அது நேரானதா எனத் தெரியும்.

நபி (ஸல்) அவர்கள் அரசர்களுக்கு மடல் அனுப்பும்பொருட்டு வெள்ளி மோதிரமொன்றைச் செய்வித்து, 'முஹம்மது', 'ரஸூல்', 'அல்லாஹ்' என மூன்று வரிகளில் பொறிக்கச் செய்தார்கள் என நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. அம்முத்திரையின் வடிவைக் கலிமாவின் முற்பகுதியோடு சேர்த்துக் கருந்துணியில் தீட்டி, 2014இல் மோசூலைக் கைப்பற்றிய கூட்டத்தார் தம் கொடியாக்கினர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஸின்ஜாரின் யஸீதி மக்களைக் கொன்றதும், அவர்தம் பெண்களை அடிமைகளாக விற்றதும் அக்கொடியின் கீழேயே நிகழ்ந்தன. ஒரு யூத முதியவருக்குக் கொக்கிச் சிலுவை எதுவோ, யஸீதிப் பெண்ணொருத்திக்கு அக்கொடி அதுவே. அவளிடம் சென்று, இவை புனிதச் சொற்கள் அல்லவா என நாம் விளக்கம் கூறத் துணிவோமா?

2014இல் நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் தொண்டியில், அக்கூட்டத்தின் சின்னம் பொறித்த சட்டைகளை அணிந்து இளைஞர் சிலர் எடுத்துக்கொண்ட ஒளிப்படம் வெளியாகி, காவல்துறை நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. சட்டையில் இருந்தது கலிமாவே எனச் சிலர் அமைதி கூறலாம். சொற்கள் கலிமாவே. ஆனால் அக்கருந்துணியும் அவ்வெழுத்தமைப்பும் அவ்வட்டமும் சேர்ந்த வடிவம் அன்று ஒரே பொருளைத்தான் வெளிப்படையாகக் கூறிற்று. ஜெர்மனி 2014 செப்டம்பரில் அச்சின்னத்தைத் தடைசெய்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2023இல் ஆஸ்திரேலிய அரசு வெறுப்புச் சின்னங்களைத் தடைசெய்யும் மசோதாவில் நாஜிச் சின்னங்களோடு இக்கொடியையும் பெயர் சுட்டிச் சேர்த்தது. காவலர்கள் கலிமா எழுதிய எதனையும் ஐயுறுவர் என முஸ்லிம் அமைப்புகள் எடுத்துரைத்தன. இறுதிச் சட்டத்தில் அப்பெயர்ச் சுட்டு நீக்கப்பட்டு, தடைசெய்யப்பட்ட பயங்கரவாத அமைப்புகளின் சின்னங்கள் எனப் பொதுவாக வகுக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டின் விக்டோரியா மாநிலம் 2022இல் இயற்றிய சட்டம், தடைக்குரியதை 'ஹாக்கன்கிராய்ஸ்' என்றே குறித்து, இந்து, பௌத்த, சமண வழக்குக்கு விலக்களித்திருந்தது. நாககாகியின் வாதத்தில் பயனுள்ளது என நாம் கூறியது இதுவே. பெயரைப் பிரிப்பது வரலாற்றை மாற்றாது. ஆனால் சட்டம் எவரைத் தண்டிக்கக் கருதுகிறது என்பதைத் தெளிவாக்கும். ஒரு இந்து தன் வாயிற்கோலத்துக்காகக் கேட்ட நீதியும், ஒரு முஸ்லிம் தன் கலிமாவுக்காகக் கேட்ட நீதியும் ஒன்றே. ஒன்றை ஒப்பி மற்றொன்றை மறுப்பவர் நீதியை நாடுபவராகார்.

நம்மைப் பொறுத்தவரை முடிவு இது: கலிமாவைக் கைவிட எவராலும் இயலாது, கேட்கவும் எவருக்கும் உரிமையில்லை. அக்கருங்கொடியின் வடிவத்தையோ நாம் தயக்கமின்றி விட்டொழிக்கலாம், விட்டொழிக்கவும் வேண்டும். 45ஆம் பிரிவினர் செய்தது போல, வடிவத்தை விடுவதால் பொருள் காக்கப்படும் இடங்கள் உண்டு. வடிவமும் பொருளும் பிரிக்கவொண்ணாது இணைந்துவிட்ட மரபினரிடம், இந்துக்களிடமும் பௌத்தரிடமும் சமணரிடமும் இத்தகைய துறவைக் கோருவது தகாது. இவ்வேறுபாட்டை நம் இளைஞர்களுக்கு எடுத்துரைப்பது ஆசிரியர்களின் கடமை.

எழுதப்படாத நூல்

ஹெல்லரின் நூல் காயம்பட்டவரின் பக்கம் நின்று எழுதப்பட்டது. நாககாகியின் நூல் உடைமை இழிவுற்றவரின் பக்கம் நின்று எழுதப்பட்டது. இரண்டையும் படிக்கவேண்டும் என்றே பரிந்துரைக்கிறோம். ஒன்றை மட்டும் படிப்பவர் மற்றவரின் துயரை அறியாது போவார். எனினும் இவ்விருவரும் நேருக்கு நேர் அமர்ந்து பேசும் நூல் இன்னும் வரவில்லை.

அத்தகைய உரையாடல் இயலாததன்று. 2008 பிப்ரவரியில் ஜெருசலேமில் கூடிய இந்து, யூத சமயத் தலைவர்கள் கூட்டறிக்கையொன்றை வெளியிட்டனர். ஸ்வஸ்திகம் இந்துக்களுக்குத் தொன்றுதொட்டு மங்கலச் சின்னம் என்பதை யூதத் தலைவர்கள் ஏற்றனர். அதன் திரிந்த வடிவத்தின் கீழ் மனிதகுலத்துக்கு, குறிப்பாக யூதர்க்கு, கொடுமைகள் இழைக்கப்பட்டதை இந்துத் தலைவர்கள் அதே அறிக்கையில் ஒப்புக்கொண்டனர். ஒருவர் தம் சின்னத்தின் காயத்தை ஏற்றார். மற்றவர் தம் காயத்துக்கு அப்பால் அச்சின்னத்துக்கு உள்ள வாழ்வை ஏற்றார். இவ்விரண்டு ஏற்புகளில் எது விடுபட்டாலும் அவ்வறிக்கை பிறந்திராது. எழுதப்பட வேண்டிய மூன்றாம் நூலுக்கு அதுவே முதல் அத்தியாயமாக அமையத்தக்கது.